இறங்காத சிவப்பு

பென்னாகரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் மாடியில்
என் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை.
முட்டுக் கொடுத்திருப்பது
எண்பத்தொன்பது நாள் ஒப்பந்தத்தின் இரண்டாவது நகல்.

பரிசல் முன்பதிவுத் தளத்தின் நெற்றியில்
பட்டை கட்டுவது என் வேலை.
நீர்வரத்து ஏறினால் சிவப்பு
தணிந்தால் ஒன்றுமில்லை.
எத்தனை நொடி நிற்கணும் சார், கேட்டேன்.
எட்டு, என்றார்
டீயை ஊதிக்கொண்டே.
ஏன் எட்டு என்று நானும் கேட்கவில்லை.

ஏழாவது படிக்கும் மகளை உட்கார வைத்துச் சோதித்தேன்.
‘பிலிகுண்டுலுவில் நீர்வரத்து அதிகரித்துள்ளதன் காரணமாக
ஒகேனக்கல்லில் பரி’
அதோடு மறைந்துவிட்டது.
பரின்னா குதிரைதானேம்மா
குதிரைக்கு அங்க என்ன தடை?
அன்று இரவு
அலுவலகத் தமிழை எலும்பு வரை சீவி
மூன்று சொல்லாக்கினேன்:
இன்று பரிசல் இல்லை.

மூன்று சொல்லையும் படிக்கவில்லை.
மூலையில் இருந்த பெருக்கல் குறியை
ஈ ஓட்டுவதுபோல் தட்டினார்கள்.
ஒன்றரை நொடி, ஒரு நொடி,
பட்டை முழுசாக விரியும் முன்பே சிலர்.
தட்டிவிட்டு
ஆத்தூரிலிருந்து வேன் பிடித்து வந்து இறங்கி
மூடிக் கிடந்த கவுண்டரின் முன் நின்று
போனில் என்னைத் திட்டினார் ஒருவர்.
சொல்லவே இல்லையே நீங்க.
பின்னால் குழந்தைகள் அழுதன.
சொன்னேன் சார், என்றேன்.
சொன்னேன்தானா என்று எனக்கே தெரியவில்லை.

பெருக்கல் குறியை எடுத்தேன். எட்டையும் எடுத்தேன்.
இனி நானாக இறக்கும்வரை நிற்கும்.

வெள்ளி மாலை பதினாறாயிரம் கன அடி.
சிவப்பை ஏற்றிவிட்டு
பாலக்கோட்டில் நாத்தனார் மகனுக்குக் காது குத்து,
கிளம்பிப் போனேன்.
பைக்குள் போன்.
போனுக்கு மேல் சீர்வரிசைத் துணி
அதற்கும் மேல் வெற்றிலை.

திங்கள் காலை ஒரு புது எண்.
மாதப்பன் பேசறன் மேடம், பரிசல் ஓட்டறவன்.
ஜெராக்ஸ் கடையில நெம்பர் வாங்குனன்.
தண்ணி சனிக்கிழமையே இறங்கிருச்சு.
உங்க செவப்பு இறங்கல.

நேத்து ஞாயித்துக்கெழம.
பரிசல கவுத்துப் போட்டு
அதுமேலயே உக்காந்திருந்தோம் நாப்பது பேரு.
மீன் வறுக்கிற சாக்கம்மா சட்டியில எண்ணெயே ஊத்தல.
ஆத்த பாத்தா வா வாங்குது
போன பாத்தா வராதங்குதுன்னு
வந்த ரெண்டு குடும்பமும் அருவிய பாத்துட்டுத் திரும்பிருச்சு.

அவர் திட்டவில்லை.
திட்டியிருந்தால்
பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஒரே ஒரு வரி.
அழிக்க எனக்கு நான்கு நொடிகூட ஆகவில்லை.

பிறகு படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தேன்,
முடியும் நேரம்.
பக்கத்தில் ஒரு நட்சத்திரம்:
இதை நிரப்பாமல் எந்த அறிவிப்பும் ஏறாது.
யாரைக் கேட்டு வச்சீங்க, என்றார் அதிகாரி.
மாதப்பனை, என்றேன்.
யாரு அந்த மாதப்பன்,
நம்ம செக்‌ஷனா?

சாயங்காலம் மாதப்பனே மறுபடி கூப்பிட்டார்.
பரிசல் உண்டுன்னு பச்சையில ஒண்ணு போட முடியுமா மேடம்?
போடலாம்.
எவ்ளோ நேரம் நிக்கும்?
முடியும் நேரம் நீங்கதான் சொல்லணும், கட்டாயம்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
போனுக்குள் அருவி மட்டும் கேட்டது.
கேட்டுட்டுச் சொல்றன், என்றார்.
யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

இன்று எண்பத்தாறாம் நாள்.
புதுப்பிப்பார்களா என்று கீழே விசாரித்தால்
மேலே கேட்கணும் என்கிறார்கள்.
மாதப்பன் இன்னும் கூப்பிடவில்லை.
பச்சைப் பட்டை
நிரப்பாத ஒரு கட்டத்தோடு
வரைவில் காத்திருக்கிறது.
நாற்காலி ஆடுகிறது.
நகலை இன்னொரு மடிப்பு மடித்து
காலுக்கடியில் செருகுகிறேன்.